குளிரில் கொந்தளிக்கும் மேகங்கள்

மார்கழி, தை இரவுகளில் திருவாதிரையைத் தேடிப் பார்த்தவர்கள், அருகே வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களையும் கவனித்திருப்பார்கள். அவற்றுக்குச் சற்றுத் தெற்கே, பஞ்சைப் பிய்த்து ஒட்டியதுபோல ஒரு மங்கல் தெரியும். அதுதான் ஓரியன் நெபுலா. சுமார் 1,350 ஒளியாண்டு தொலைவில், இப்போதும் நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கும் இடம். அந்தப் பிறப்பைப் பற்றி நம்மிடையே உள்ள மூன்று நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை: நட்சத்திரம் பிறக்கும் மேகம் அசையாமல் உறைந்து கிடக்கும்.

உண்மை: உறைகிற குளிர்தான், மைனஸ் 263 டிகிரி. ஆனால் அமைதி கிடையாது. மேகத்திலுள்ள கார்பன் மோனாக்சைடு 2.6 மில்லிமீட்டர் ரேடியோ அலையை வெளியிடுகிறது. ஓரியனில் இது முதலில் பிடிபட்டது 1970-இல். நம்மை நோக்கி வரும் வாயுவின் அலை குறுகும், விலகிப்போவதன் அலை நீளும். வாயு சும்மா கிடந்தால் மெல்லிய கோடாகத் தெரியவேண்டியது, அகன்ற பட்டையாகத் தெரிகிறது. கணக்கிட்டால் வேகம் நொடிக்குச் சில கிலோமீட்டர். அந்தக் குளிரில் ஒலியின் வேகமோ வெறும் 200 மீட்டர்தான்.

நம்பிக்கை: ஈர்ப்பு விசை மேகம் முழுவதையும் நட்சத்திரமாக்கிவிடும்.

உண்மை: ஈர்ப்பு மட்டும் வேலை செய்தால் பால்வீதியில் ஆண்டுதோறும் சில நூறு சூரியன்களுக்கான வாயு நட்சத்திரமாக வேண்டும். நடப்பது ஏறக்குறைய இரண்டு சூரியன் அளவுதான். கொந்தளிப்பும் காந்தப்புலமும் வாயுவை எளிதில் சரியவிடுவதில்லை. புதிதாகப் பிறந்த நட்சத்திரங்களின் ஒளியும் காற்றும் மிச்சத்தைச் சிதறடிக்கின்றன.

நம்பிக்கை: அப்படியானால் கொந்தளிப்பு நட்சத்திரப் பிறப்புக்கு எதிரி.

உண்மை: பாதிதான் சரி. ஒலியை மிஞ்சிய வேகத்தில் மோதும் வாயு, மோதிய இடத்தில் நசுங்கி அடர்த்தியாகிறது. 2009 முதல் 2013 வரை இயங்கிய ஹெர்ஷல் விண்தொலைநோக்கி, மேகங்களுக்குள் நூலிழைகள் பின்னிக் கிடப்பதைக் காட்டியது. நட்சத்திரக் கருக்களில் பெரும்பாலானவை அந்த இழைகளின் மேல்தான் இருந்தன. மேகத்தை மொத்தமாகச் சரியவிடாத அதே கொந்தளிப்பு, அங்கங்கே வாயுவைத் திரட்டியும் கொடுக்கிறது. திரண்டதை இறுக்கி நட்சத்திரமாக்குவது ஈர்ப்பின் வேலை.

அடுத்த மார்கழியில் அந்த மங்கலைப் பார்க்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: அந்த மேகத்தின் பெரும்பகுதி நட்சத்திரமாகப் போவதில்லை. அங்கே பிறந்த நட்சத்திரங்களே அதைக் கலைத்துவிடும்.