சவுக்காரத்தில் உள்ள கொழுப்பு எங்கிருந்து வருகிறது?



குளியல் சவுக்காரம், ஷாம்பு, முகப்பூச்சு, ரொட்டி, ஐஸ்கிரீம் இவையெல்லாம் நம் கடைகளில் அன்றாடம் விற்பனையாகும் சரக்குகள். இவற்றில் மறைந்து நின்று வேலை செய்யும் ஒரு பொருளைப் பற்றி இவ்விதழில் அறிந்து கொள்வோம்.

எண்ணெயும் தண்ணீரும் ஒட்டா என்பது யாவரும் அறிந்ததே. இவ்விரண்டிற்கும் நடுவே தரகர்போல் நின்று இணைத்து வைக்கும் பொருளை விஞ்ஞானிகள் சர்பேக்டண்ட் என்பர். அதன் மூலக்கூறுக்கு ஒரு தலையும் நீண்ட வாலும் உண்டு. தலை தண்ணீரை நாடும். வால் எண்ணெயை நாடும். எண்ணெய் அழுக்கை வால்கள் சூழ்ந்து பற்ற, தலைகள் அதைத் தண்ணீரோடு இழுத்துச் செல்கின்றன. சவுக்காரம் அழுக்கைப் போக்கும் இரகசியம் இதுதான்.

அந்த வால் கொழுப்பமிலத்தால் ஆனது. கொழுப்பைக் காரத்துடன் காய்ச்சினால் சவுக்காரமும் கிளிசரினும் பிரிகின்றன. இதன் உண்மையை விளக்கி, பிரெஞ்சு இரசாயன அறிஞர் செவ்ருல் 1823-ல் நூல் வெளியிட்டார்.

தேங்காயெண்ணெயிலும் செம்பனைக் கொட்டை எண்ணெயிலும் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலமே. அது நன்கு நுரைக்கும். செம்பனை எண்ணெயிலும் மாட்டுக் கொழுப்பிலும் பால்மிட்டிக் அமிலம் மிகுதி; அது சவுக்காரத்தைக் கெட்டியாக்கும். ஆகவே ஆலைக்காரர், விலைக்குத் தக்கபடி ஒன்றின் இடத்தில் மற்றொன்றைச் சேர்க்க இயலும்.

சிக்கல் இங்கேதான் பிறக்கிறது. செம்பனையிலிருந்து எடுத்துச் சுத்திகரித்த ஸ்டியரிக் அமிலமும், பன்றிக் கொழுப்பிலிருந்து எடுத்ததும் ஒரே பொருளே. முடிந்த சரக்கைச் சோதித்து அதன் பிறப்பிடத்தைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். உறையில் 'சோடியம் பாமேட்' என்றிருந்தால் செம்பனை. 'கோகோவேட்' என்றால் தேங்காய். 'டாலோவேட்' என்றால் விலங்குக் கொழுப்பு. ஆனால் 'ஸ்டியரிக் அமிலம்', 'கிளிசரின்', உணவில் சேரும் 'ஈ 471' ஆகிய பெயர்கள் மூலத்தைச் சொல்வதில்லை. மாட்டுக் கொழுப்பாயினும், முறைப்படி அறுக்கப்பட்ட மாடுதானா என்ற கேள்வியும் உண்டு.

நஜீஸான கொழுப்பு சவுக்காரமாக மாறிவிட்டால் சுத்தமாகுமா? ஷாஃபிஈ மத்ஹபில் ஆகாது. ஹனஃபி மத்ஹபிலோ, தன்மை முற்றும் மாறினால் சுத்தமாகும் என்பது ஃபத்வாவுக்குரிய சொல். நம்மவரில் இரு மத்ஹபினரும் உளர். நம்மைச் சூழ்ந்துள்ள மலாய்ச் சகோதரர்கள் ஷாஃபிஈகள். மஸ்அலாவை ஆலிம்களிடம் கேட்போம். ஆயினும் வாங்குபவர் தம் மத்ஹபின்படி நடக்க வேண்டுமானால், மூலம் எதுவென்று அவருக்கு உண்மை சொல்லப்பட வேண்டும். அது விற்பவர் கடமை.

உண்மை தெரியாதபோது என்ன நேரும்? 1988-ல் இந்தோனீசியாவில், மாலாங் நகரின் பிராவிஜயா பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர், சந்தையிலுள்ள சில உணவுகளில் பன்றிப் பொருள் கலந்திருக்கலாம் என எழுதினார். மக்கள் அஞ்சினர், பல சரக்குகளின் விற்பனை சரிந்தது. 1989 ஜனவரியில் அந்நாட்டு உலமா மன்றம் தனிப் பரிசோதனை நிறுவனமே அமைக்க நேர்ந்தது.

ஆகவே சகோதரர்களே, சரக்கு எடுக்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஒன்று: கொழுப்பு எதிலிருந்து வந்தது? அதை எழுத்தில் தருவீர்களா? இரண்டு: ஹலால் சான்றிதழ் இந்தச் சரக்குக்கே உரியதா, தவணை முடியாததா? மூன்று: அதை வழங்கியவர் மலேசியாவில் ஜாக்கிமோ, சிங்கப்பூரில் மூயிஸோ, அவை ஏற்றுக்கொண்ட வெளிநாட்டு அமைப்போதானா? பதில் கிடைக்காத சரக்கை, இலாபம் அதிகமாயினும் விட்டுவிடுவதே பேணுதல்.

மூலக்கூறு தன் பிறப்பைச் சொல்லாது. வணிகரின் நாணயமே சொல்ல வேண்டும். வாடிக்கைக்காரர் நம்மிடம் ஒப்படைக்கும் நம்பிக்கை ஓர் அமானிதம். அதைக் காத்து நிற்க அல்லாஹ் நமக்குத் தௌஃபீக் செய்து, நம் வாணிபத்தில் பரக்கத் அருள்வானாக, ஆமீன். வஸ்ஸலாம்.