பழைய மிஷின் வாங்குவது எப்படி?



ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்கு சோல் மோல்டு செய்ய, அத்தை நகையை அடகு வைத்து, மாமா பழைய மில்லிங் மிஷின் வாங்கப் போனார். மோட்டார் பொருத்தி கம்ப்யூட்டரால் ஓட்டணுமாம். நானும் போனேன். புது பெயிண்ட் அடித்த மிஷின் எனக்குப் பிடித்தது.

மாமா கைப்பிடியைத் திருப்பி, பிறகு எதிர்ப்பக்கம் திருப்பினார். டயல் 0.2 மி.மீ. நகர்ந்த பிறகே டேபிள் அசைந்தது. இதற்குப் பெயர் ‘பிளே’.

கணக்கு: ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப். ஸ்குரூ ஒரு சுற்றுக்கு 5 மி.மீ.

1 ஸ்டெப் = 5 ÷ 200 = 0.025 மி.மீ.
0.2 ÷ 0.025 = 8 ஸ்டெப் வீண்!

வட்டம் வெட்டினால் வட்டமாக வராது.

“பிளே இருந்தா பால் ஸ்குரூ மாத்திக்கலாம். ஆனா டேபிள் நடுவுல லூசா, ஓரத்துல டைட்டா ஓடுது பார். ஸ்லைடு தேய்ஞ்சிருக்கு, வேணாம்” என்றார் மாமா. பெயிண்ட் உரிந்த இன்னொன்றை வாங்கினோம். அதன் ஸ்லைடு நன்றாக இருந்தது.

1952-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இயக்கிக் காட்டிய முதல் எண் கட்டுப்பாட்டு மிஷினும், சின்சினாட்டி மில்லிங் மிஷினை மாற்றி அமைத்ததுதான்!