புகையைத் துரத்தத் தெரியுமா? வேலை இருக்கிறது

ரிமோட் சென்சிங் முடித்துவிட்டு வேலை தேடுகிறவர்களின் ரெஸ்யூமேக்களைப் பார்த்தால் சலிப்பு தட்டும். பாதிப் பேரிடம் ஒரே புராஜெக்ட்: ஏதோ ஒரு மாவட்டத்தின் நிலப் பயன்பாட்டு மேப். நீங்கள் தனியாகத் தெரிய வேண்டுமென்றால் காட்டுத்தீப் புகை எங்கே போகிறது என்று செயற்கைக்கோள் படத்தில் பின்தொடரக் கற்றுக்கொள்ளுங்கள். டேட்டா இலவசம். விமானப் போக்குவரத்து, சோலார் மின்சாரம், பொதுச் சுகாதாரம் என்று இந்தத் தகவலை நம்பி முடிவெடுக்கும் துறைகள் பல.

1. விடை தெரிந்த ஒரு கேஸை எடுங்கள். 2023 ஜூன் 7 அன்று நியூயார்க் வானம் ஆரஞ்சு நிறமானது. காற்றுத் தரக் குறியீடு 400ஐத் தாண்டியது. தீ எரிந்ததோ பல நூறு கிலோமீட்டர் வடக்கே, கனடாவின் கியூபெக்கில். வடகிழக்குக் கரையோரம் நின்ற காற்றழுத்தத் தாழ்வு இடஞ்சுழியாகச் சுழன்று புகையைத் தெற்கே தள்ளியது. படங்கள், காற்று வரைபடங்கள், தரை அளவீடுகள் எல்லாமே ஆர்க்கைவில் இருக்கின்றன. உங்கள் கணிப்பு சரியா என்று நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

2. 'ஏன் இந்த சாட்டிலைட்?' என்று இன்டர்வியூவில் கண்டிப்பாகக் கேட்பார்கள். பதில் சுருக்கமாக இருக்கட்டும். கோஸ்-16 சுமார் 35,800 கிலோமீட்டர் உயரத்தில் இருந்து அமெரிக்காவை 5 நிமிடத்துக்கு ஒரு முறை படம் எடுத்தது. புகை நகர்வதைக் காட்ட அதுதான் சரி. (2025 ஏப்ரலில் அந்த இடத்துக்கு கோஸ்-19 வந்துவிட்டது.) வீர்ஸ் கருவி தாழ்வாகப் பறக்கும் செயற்கைக்கோள்களில் இருப்பதால் தீப்புள்ளிகளை 375 மீட்டர் நுணுக்கத்தில் காட்டும், ஆனால் கடந்து போகும் நேரத்தில் மட்டும். அந்த 375 மீட்டர் பிக்சலின் அளவு. தீயின் அளவு என்று சொல்லிவிடாதீர்கள். நாசாவின் வேர்ல்ட்வியூ, ஃபர்ம்ஸ் இரண்டையும் பிரவுசரிலேயே திறக்கலாம். அதன் பிறகு பைத்தானுக்குப் போங்கள்.

3. மேகமா, புகையா? பலர் வழுக்குவது இங்கேதான். நீல அலைவரிசையில் புகை நன்றாகத் தெரியும். வெப்ப அகச்சிவப்பில் மெல்லிய புகை கண்ணாடி போல ஊடுருவவிட்டுவிடும். உயரமான மேகமோ குளிர்ச்சியாகத் தெரியும். இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்தால் குழப்பம் தீரும். இன்னொன்று: காலையிலும் மாலையிலும் சூரியன் தாழ்ந்திருக்கும்போது புகை பளிச்சென்று தெரியும், நடுப்பகலில் அதே புகை மங்கிவிடும். இதைக் கவனிக்காமல் 'மதியம் புகை குறைந்தது' என்று எழுதினால் ரிப்போர்ட்டை அங்கேயே மூடிவிடுவார்கள். இரவில் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எடுக்கும் படம் உதவாது. தீப்புள்ளி மட்டும் கிடைக்கும்.

4. என் பார்வையில், ஆளை எடுப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் கேள்வி இதுதான்: புகை தரைக்கு இறங்கியதா? செயற்கைக்கோள் மேலிருந்து பார்க்கிறது. அது தரும் ஏரோசால் அளவு, தரை முதல் வானம் வரை உள்ள மொத்தக் காற்றுக்கும் சேர்த்து. ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் அடர்ந்த புகை ஓடினாலும் கீழே தெருவில் காற்று சுத்தமாக இருக்கலாம். ஜூன் 7 நியூயார்க்கில் மேலேயும் புகை, கீழேயும் புகை. அதே மாத இறுதியில் கனடாப் புகை அட்லான்டிக்கைத் தாண்டி ஐரோப்பாவுக்குப் போனபோது பெரும்பாலும் உயரத்திலேயே நின்றது. இந்த இரண்டையும் பக்கம் பக்கமாகக் காட்டி, ஏர்நவ் தளத்தில் உள்ள தரைமட்ட பிஎம் 2.5 (நுண்துகள்) அளவுகளை நியூயார்க் படத்தின் கீழே ஒட்டுங்கள். மற்றவர் படம் காட்டும் இடத்தில் நீங்கள் பதில் சொல்கிறீர்கள்.

5. நேரத்தை யூடிசியில் எழுதுங்கள். கோடையில் நியூயார்க் அதற்கு 4 மணி நேரம் பின்னே, இந்தியா ஐந்தரை மணி முன்னே. கலந்துவிட்டால் புகை தீக்கு முன்பே கிளம்பியதாக ஆகிவிடும்.

6. ரிப்போர்ட்டில் ஒரு பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். எங்கே கிளம்பியது, எப்போது சேர்ந்தது, தரையைத் தொட்டதா, எந்த அளவுக்கு உறுதி. அமெரிக்காவின் நோவா அமைப்பில் அனலிஸ்ட்டுகள் தினமும் படங்களைப் பார்த்து மெல்லிய, நடுத்தர, அடர்ந்த புகை என்று எல்லை வரைகிறார்கள். அதே நாளுக்கு நீங்களும் வரைந்து ஒப்பிடுங்கள். எங்கே வேறுபடுகிறது, ஏன் என்று இரண்டு வரி எழுத முடிந்தால், அந்த இரண்டு வரிதான் உங்கள் போர்ட்ஃபோலியோவில் விலை உயர்ந்த பகுதி.

பழைய கேஸ் கைக்கு வந்ததும், அடுத்த கனடா தீ சீசனில் நடப்பதை நேரலையாகப் பின்தொடருங்கள். உங்கள் கணிப்பைத் தேதி, மணியுடன் லிங்க்ட்இன்னில் போடுங்கள். புகை ஊருக்குள் நுழைவதற்கு முன்பே போடுங்கள்.