நேத்து என்ன சாப்பிட்டீங்க?

மலேசியப் பெரியவர்கள் ஊட்டச்சத்து ஆய்வு 2003-இலும் 2014-இலும் மக்களைக் கேட்டது இதைத்தான்: கடந்த 24 மணி நேரத்தில் என்ன சாப்பிட்டீங்க? சோறு ஞாபகம் இருக்கும். சுங்கைப் பட்டாணி கடையில் குடித்த தே தாரேக் மறந்துடும்.

1992-இல் நியூயார்க் ஆய்வொன்று, “கொஞ்சமாத்தான் சாப்பிடுறோம், எடை குறையல” என்ற 10 பேரைச் சோதித்தது. உண்மையில் சாப்பிட்டதைவிடச் சராசரியாக 47 விழுக்காடு குறைத்துச் சொல்லியிருந்தார்கள்.

பொறியியல் பாடம் சொல்வது: குறைத்தே காட்டும் தராசில் ஆயிரம் முறை நிறுத்தாலும் சராசரி சரியாகாது. நம்ம ஞாபகமும் அப்படித்தான்.

தோட்டத்து வீட்டில் அப்பாவுக்கு இனிப்புநீர் என்றால், கிளினிக்கில் அவர் சொல்வதை வைத்துத்தான் உணவு ஆலோசனை கிடைக்கும். ஆகவே மூன்று நாள், சாப்பிட்ட உடனே எழுதி வைங்க. தேத்தண்ணி, பலகாரம், சீனி எத்தனை கரண்டி, எல்லாமே. அந்தத் தாளை டாக்டரிடம் காட்டுங்க.