எண்பது தோல்விகளும் சாத்விக கர்த்தாவும்

கீதை வகுப்புகளில் அடிக்கடி எழும் ஐயம் ஒன்று உண்டு: ‘வெற்றி தோல்விகளைச் சமமாகக் கருத வேண்டுமென்றால், வெல்வதற்காக ஏன் முயல வேண்டும்? தோற்றாலும் கவலையில்லை என்று இருந்துவிடலாமே!’ இந்த ஐயத்தை ஆராய, ஒரு கல்லூரிக் கால்பந்து அணியின் வரலாறு நமக்கு உதவும்.

தோல்வியின் ஆண்டுகள்

அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் நகருக்கு வடமேற்கே உள்ளது பிரெய்ரி வியூ பல்கலைக்கழகம். கறுப்பின மாணவர்களின் கல்விக்காக 1876-இல் அது நிறுவப்பட்டது. அங்கு ஆடப்படுவது நம் நாட்டுக் கால்பந்து அன்று. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி, எதிரணியின் தடுப்பை ஊடுருவி முன்னேறும் அமெரிக்கக் கால்பந்து. 1950-களிலும் 60-களிலும் பில்லி நிக்ஸ் என்ற பயிற்சியாளரின்கீழ் அந்த அணி, கறுப்பினக் கல்லூரிகளுக்குள் ஐந்து முறை தேசிய சாம்பியனாக விளங்கியது.

பின்னர் நிலைமை மாறியது. 1989-இல் தோல்விகள் தொடங்கின. 1990-இல் அணி களமிறங்கவே இல்லை. 1991-இல் மீண்டும் ஆடத் தொடங்கியபோது வீரர்களுக்கு விளையாட்டு உதவித்தொகை கிடையாது. உதவித்தொகை பெற்று ஆடும் வீரர்களைக் கொண்ட அணிகளை அவர்கள் எதிர்கொள்ள வேண்டியிருந்தது. தொடர்ந்து 80 ஆட்டங்களில் தோல்வி! இறுதியில் 1998 செப்டம்பர் 26 அன்று லாங்ஸ்டன் பல்கலைக்கழக அணியை 14-12 என்ற கணக்கில் வென்றபோதுதான் அந்தத் தொடர் முடிவுற்றது.

அக்காலத்தில் கல்லூரி அணியில் ஒரு மாணவர் நான்கு பருவங்களே ஆட இயன்றது. ஆகவே 1991-இல் சேர்ந்து 1994-இல் விடைபெற்ற மாணவர், ஒரு வெற்றியைக்கூடக் காணாமலே சென்றிருப்பார். ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் அவர் மீண்டும் பயிற்சிக்கு வர வேண்டியிருந்தது. எந்த மனநிலையில் வந்திருப்பார்?

மூவகைக் கர்த்தாக்கள்

கீதையின் பதினெட்டாம் அத்தியாயத்தில் 26 முதல் 28 வரையுள்ள சுலோகங்கள் செயல் புரிபவனை மூன்று வகையாகப் பிரிக்கின்றன.

ராஜஸ கர்த்தா பலனை விரும்புபவன். மகிழ்ச்சியாலும் துயராலும் அலைக்கழிக்கப்படுபவன். இத்தகையவன் சில தோல்விகளிலேயே மனமுடைந்து அணியைவிட்டு விலகிவிடுவான்.

தாமஸ கர்த்தா சோம்பலும் சோர்வும் உடையவன். செய்ய வேண்டியதைத் தள்ளிப்போடுபவன். அவன் விலகமாட்டான். சீருடை அணிந்து களத்தில் நிற்பான். ஆனால் பாதி மனத்துடன் ஓடுவான். ‘நமக்கு விதித்தது இதுதான்’ என்பான். தோல்வி அவனைப் பாதிப்பதில்லை. ஏனெனில் அவன் எதையும் முழுமையாகச் செய்யவில்லை.

சாத்விக கர்த்தா பற்றற்றவன்; ‘நான்’ என்ற எண்ணம் இல்லாதவன்; மன உறுதியும் ஊக்கமும் நிறைந்தவன்; வெற்றியிலும் தோல்வியிலும் மாறுபடாதவன்.

மேலோட்டமாகப் பார்த்தால் தாமஸனும் சாத்விகனும் ஒன்றுபோலவே தோன்றுவர். இருவருமே தோல்வியில் அழுவதில்லை. இங்குதான் சாதகன் விழிப்புடன் இருக்க வேண்டும். மாறுபடாமையைக் கூறுவதற்கு முன்பாகவே திருதி, உத்ஸாஹம் என்ற இரு பண்புகளைச் சுலோகம் வைத்திருக்கிறது. ஆதிசங்கரர் இவற்றுக்குத் தாங்கும் ஆற்றல், முனைப்பு என்று பொருள் கொள்கிறார். முயற்சியை முழுமையாக அர்ப்பணித்தவனிடமே சமநிலை எதிர்பார்க்கப்படுகிறது. சமமாகக் கருத வேண்டியது பலனை. முயற்சியையும் முயற்சியின்மையையும் சமமாகக் கருதும்படி கீதை எங்கும் கூறவில்லை. நாம் எழுப்பிய ஐயத்திற்கு இதுவே விடை.

அந்த உழைப்பு வீணா?

பிரெய்ரி வியூ அணி 2009-இல் தன் கூட்டமைப்பின் சாம்பியன் பட்டத்தை வென்றது. 1964-க்குப் பின் அதுவே முதல் முறை. ‘பார்த்தீர்களா, பொறுமைக்குப் பலன் கிடைத்துவிட்டது!’ என்று சொல்லத் தோன்றும். ஆனால் அப்படிச் சொன்னால் மீண்டும் பலனைக் கொண்டே செயலை அளந்தவர்களாகிறோம். 1994-இல் விடைபெற்ற மாணவருக்கு அந்தக் கோப்பையில் பங்கில்லை.

அவருக்குக் கிடைத்தது வேறு. கர்மயோகமாகச் செய்யப்படும் முயற்சி அழிவதில்லை என்று இரண்டாம் அத்தியாயத்தின் 40-ஆம் சுலோகம் உறுதி கூறுகிறது. அது செய்தவனின் சித்தத்தைத் தூய்மையாக்குகிறது. மேலும், தோற்றவர்கள் களத்தில் நின்றிராவிட்டால், பின்வந்தவர்கள் வெல்வதற்கு ஓர் அணியே இருந்திராது. தான் காணப்போகாத நன்மைக்காக உழைப்பதும் லோகசங்கிரகமே.

நமக்குரிய பாடம்

1897-இல் சென்னையில் ஆற்றிய சொற்பொழிவில் சுவாமி விவேகானந்தர், கீதையைப் புரிந்துகொள்ள இளைஞர்களுக்கு உடல்வலிமை வேண்டும் என்று கால்பந்தைச் சுட்டியே வலியுறுத்தினார். வலிமையற்றவனின் அமைதி, அமைதி ஆகாது.

நம்மில் பலர் ஆண்டுக்கணக்கில் ஜபம் செய்கிறோம். அமர்ந்ததும் மனம் கடைவீதிக்கும் அலுவலகத்திற்கும் ஓடிவிடுகிறது. அன்றாடம் தோல்வி! எண்பது என்ற எண்ணிக்கையை நாம் எப்போதோ கடந்திருப்போம். அதனால் குற்றமில்லை. ஆயினும் மாலையைக் கீழே வைக்கும்போது நம்மை நாமே ஒன்று கேட்டுக்கொள்வோம்: ‘நான் இன்று அமைதியாக இருப்பது முழுமையாக முயன்றதாலா, தோற்றுத் தோற்றுப் பழகிவிட்டதாலா?’

விடை எதுவாயினும், நாளைக் காலை மீண்டும் ஆசனத்தில் அமர்வோம். அதற்கான திருதியையும் உத்ஸாஹத்தையும் இறைவன் நமக்கு அருள்வாராக!