புகுந்த வீட்டின் குலதெய்வம் தெரியவில்லையா?

'எங்கள் வீட்டுக்காரருக்குக் குலதெய்வம் எதுவென்றே தெரியவில்லை. என்ன செய்வது?' என்று கேட்கும் சகோதரிகள் பலர். அவர்களில் நானும் ஒருத்தியாக இருந்தவள்தான்!

என் மகனுக்கு முதல் முடி இறக்க வேண்டும். எந்தக் கோயிலில்? மாமனார் காலமாகி வெகுநாளாகிவிட்டது. 'நெல்லைப் பக்கம் ஒரு சாஸ்தா கோயில்' என்பதற்கு மேல் மாமியாருக்குத் தெரியவில்லை. அந்தச் சீமையில் ஆற்றங்கரை, வயல்வெளி, காடு என்று எங்கு பார்த்தாலும் சாஸ்தாதான். எந்தச் சாஸ்தா?

பரணில் ஒரு பித்தளை அண்டா கிடந்தது. புளி போட்டுத் தேய்த்ததும், விளிம்பில் ஒரு பெண்ணின் பெயரும் ஊரும் தெரிந்தன. என் கணவரின் கொள்ளுப்பாட்டி! அந்த ஊருக்கே ஓடினோம். அங்கே ஒரு பெரியவர் சிரித்தார். "அம்மாடி, இது அவ பொறந்த ஊரு. சீர்ப் பாத்திரத்துல பொறந்த வீட்டுப் பேருதானே வெட்டுவாங்க? அவளைக் கட்டிக் குடுத்த ஊரு வேற!"

அவர் காட்டிய ஊருக்குப் போனோம். பங்காளி வீடு ஒன்று கிடைத்தது. கோயில் வரி நோட்டில் என் கணவரின் தாத்தா பெயர் இருந்தது. வழி தவறியதுபோல் தோன்றினாலும், சரியான இடத்தில் சேர்த்தவள் அந்தக் கொள்ளுப்பாட்டிதான்.

எங்கே தேடுவது?

முதலில் வீட்டு மூத்தோர். 'குலதெய்வம் எது?' என்று கேட்டால் தெரியாது என்பார்கள். 'யாருக்கு எங்கே மொட்டை போட்டீர்கள்? முதல் கல்யாணப் பத்திரிகையை எந்தச் சாமிக்கு வைத்தீர்கள்?' என்று கேளுங்கள். புகுந்தகம் போன அத்தைமார்களுக்கு நினைவு அதிகம்!

அடுத்து, பழைய கிரயப் பத்திரங்கள். 'இன்னார் மகன் இன்னார்' என்று தகப்பனார் பெயரும் ஊரும் அதில் இருக்கும். பழைய கல்யாணப் பத்திரிகைகளையும் பாருங்கள்.

பிறகு, நல்ல நாள். தென் மாவட்டங்களில் பங்குனி உத்திரத்தன்று வெளியூர்க் குடும்பங்களெல்லாம் தங்கள் சாஸ்தா கோயிலில் கூடுவார்கள். பங்காளிகளைப் பார்க்க அதைவிட நல்ல நாள் இல்லை.

எவ்வளவு தேடியும் தெரியவில்லையா? மனம் தளர வேண்டாம். பாபநாசம் மலை மேல், காரையாரில் உள்ள சொரிமுத்து அய்யனாரைக் குலதெய்வமாக ஏற்று வழிபடும் குடும்பங்கள் உண்டு. ஆடி அமாவாசை அங்கே பெருவிழா.

ஒன்றை மறக்காதீர்கள்!

தர்ப்பணத்தில் தந்தை வழி, தாய் வழி இரண்டிலும் மும்மூன்று தலைமுறையைப் பெயர் சொல்லி அழைக்கிறோம். ஆண்களோடு பெண்களுக்கும் அதில் இடம் உண்டு. ஆனால், தாத்தாக்களின் பெயர் பத்திரத்தில் நிற்கிறது. பாட்டிகளின் பெயரோ பாத்திரத்தோடு போய்விடுகிறது. அந்தப் பாத்திரத்தையும் பழையது என்று எடைக்குப் போட்டுவிடுகிறோம்!

அந்த வருடம் மகாளய அமாவாசையன்று, என் கணவர் முதன்முறையாகக் கொள்ளுப்பாட்டியின் பெயரைச் சொல்லி எள்ளும் நீரும் விட்டார். பக்கத்தில் நின்ற மாமியார் கண்களைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்கு என் பேரையும் ஒருத்தன் இப்படிச் சொல்லணும், எழுதி வை" என்றார். அன்றே ஒரு நோட்டுப் போட்டோம்.

நீங்களும் இன்றே ஒரு நோட்டுப் போடுங்கள். முதல் வரியில் பாட்டியின் பெயரை எழுதுங்கள்!