ராத்திரியில் வலிக்கும் காது

எட்டயபுரம்

அன்பு மருமகனுக்கு,

அத்தை எழுதுகிறேன். அண்ணனுக்கு மூன்று வாரமாக வலது காது வலிக்கிறது, சொட்டு மருந்துக்கும் கேட்கவில்லை, ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறார் என்று நேற்று போனில் சொன்னாய். அதிலிருந்து எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை.

உன் மாமாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. சுகர் வந்து 14 வருஷம் ஆகியிருந்தது. காதில் குறும்பி அடைத்திருக்கிறது என்று ஓரிடத்தில் தண்ணீர் பீய்ச்சி எடுத்தார்கள். நாலைந்து நாளில் அரிப்பு, பிறகு வலி. 30 வருஷம் நர்ஸாக இருந்த நானே காதுவலிதானே என்று இருந்துவிட்டேன். ஒருநாள் கடலைமிட்டாயைக் கடிக்க முடியாமல் தட்டில் திருப்பி வைத்தார். பல்வலி என்று நினைத்தோம். அடுத்த வாரம் காலையில் வாய் கொப்பளிக்கும்போது உதட்டோரமாகத் தண்ணீர் தானாக வழிந்து சட்டை நனைந்தது. பார்த்தால் வலது கண்ணை மூட முடியவில்லை. பக்கவாதம் என்று அலறிக்கொண்டு ஓடினோம். ஸ்கேன் எடுத்த பிறகுதான் தெரிந்தது, மூளையில் ஒன்றுமில்லை. காதுப்புண் மண்டை எலும்புக்குள் இறங்கி முகத்து நரம்பைப் பிடித்திருந்தது.

காதுக்குழாயின் வெளிப்பகுதி குருத்தெலும்பு. உள்ளே போகப் போக எலும்புதான். அதன்மேல் தாள் மாதிரி மெல்லிய தோல். குருத்தெலும்பில் இயற்கையாகவே சிறு வெடிப்புகள் உண்டு. ஈரத்தில் வளரும் சூடோமோனாஸ் என்ற கிருமி அந்த வழியாக இறங்கும். பல வருஷ சுகரில் சின்ன ரத்தக்குழாய்கள் கெட்டிருப்பதால் எதிர்ப்புச் சக்தியும் மருந்தும் அங்கே போய்ச் சேருவது கஷ்டம். அதனால்தான் வெளியே கொஞ்சம் சீழ் தெரியும்போதே உள்ளே எலும்பு அரிக்கிறது.

இதற்கு 'மேலிக்னன்ட் ஓட்டைட்டிஸ் எக்ஸ்டர்னா' என்று பெயர். மேலிக்னன்ட் என்றதும் அண்ணன் புற்றுநோய் என்று பயந்துவிடுவார். அது இல்லையென்று முதலிலேயே சொல்லிவிடு. 1968-இல் சாண்ட்லர் என்ற அமெரிக்க டாக்டர் 13 நோயாளிகளைப் பற்றி எழுதியபோது, உயிரையே கொண்டுபோகிறதே என்று வைத்த பெயர். இன்றைக்கு மருந்து இருக்கிறது. ஆனாலும் காதுக்குள் சதை வளர்ந்திருந்தால் கிள்ளி எடுத்து பயாப்சிக்கு அனுப்புவார்கள். புற்றுநோயும் சில சமயம் இதே மாதிரி தெரியும் என்பதால் அது அவசியம், தடுக்காதே.

அண்ணனுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. சாதாரணக் காதுப்புண்ணாகவே இருக்கட்டும். ஆனால் அண்ணன் மாதிரி சுகர்காரருக்கு உறக்கத்தைக் கெடுக்கிற காதுவலி வந்தால் நாள் கடத்தக் கூடாது. நாளைக்கே அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குக் கூட்டிப் போ. வாயைத் திறந்ததும் சுகரைச் சொல், ராத்திரி வலியைச் சொல், மெல்லும்போது தாடை வலிக்கிறதா என்று அவரையே சொல்லச் சொல். அதுவரை கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்காதே. பாதி மருந்து உள்ளே போய்விட்டால் சீழைக் கல்ச்சர் செய்தாலும் கிருமி பிடிபடாமல் போகலாம். காய்ச்சின எண்ணெய், கோழி இறகு எதுவும் காதுப் பக்கம் போகவே கூடாது. அண்ணி கேட்க மாட்டாள், நான் சொன்னதாகச் சொல்.

இதுதான் என்று ஆகிவிட்டால் வைத்தியம் நீளும். மாமாவுக்கு ஆறு வாரம் ஊசி. மூன்றாவது வாரமே வலி போய்விட்டது. வீட்டுக்குப் போகலாம் என்று தினமும் சண்டை. டாக்டர் ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் காட்டினார், உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். அளவு இறங்கவே இல்லை. வலி போன பிறகும் எலும்பில் கிருமி இருக்கும் என்றார். கூடவே இன்சுலின் போட்டுச் சுகரை இறக்கினார்கள். இப்போது சாயங்காலம் தீட்சிதர் சமாதி வரை நடந்துவிட்டு வருகிறார். வலது கண் மட்டும் இன்னும் கொஞ்சம் தாமதித்தே மூடுகிறது. ஒரு வாரம் முன்னால் போயிருந்தால் அதுவும் சரியாகியிருக்குமோ என்று அந்தக் கண்ணைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

ஆஸ்பத்திரியில் துணைக்கு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். இன்றைக்கு ராத்திரி அண்ணன் சாப்பிடும்போது எந்தப் பக்கம் மெல்லுகிறார் என்று பார்த்துச் சொல்.

அன்புடன்,
அத்தை